பெரிய ற

மார்ச் 3

அக்கா,

இந்தக் கையெழுத்தைப் பார்த்ததும் உன் கை சிவப்புப் பேனாவைத் தேடும். தேடாதே. முதலில் படி.

என் கல்யாணச் செய்தியை எழுதி அனுப்பியபோது அந்தக் கடிதத்தையே பிழை திருத்தித் திருப்பி அனுப்பினாய். வாழ்த்து ஓரத்தில் ஒரே ஒரு வரி. மீதி எல்லாம் வட்டமும் கோடும். அதைப் பிரித்துப் படித்தது நான் இல்லை, என் பெண்டாட்டி. அன்றைக்கு நிறுத்திய கடிதம்தான். நடுவில் போனில் சரிசெய்யப் பார்த்தோம். "எப்படி இருக்கே"க்கு அடுத்த வாக்கியத்திலேயே இருவரும் கத்த ஆரம்பித்தோம். நான் நம்பரையே மாற்றிவிட்டேன். புது நம்பரை இப்போதும் தரப்போவதில்லை. எழுத்தில் என்றால் நீ குறுக்கே பேச முடியாது.

விஷயத்துக்கு வருகிறேன். என் இடது உள்ளங்காலில், குதிகாலை ஒட்டி, ஒரு மறு வந்திருக்கிறது. போன கோடையில் மிளகு அளவுதான். இப்போது சட்டைப் பொத்தான் அளவுக்கு வளர்ந்துவிட்டது. நல்ல கறுப்பு. வலி கிடையாது, அறிப்பு கிடையாது. கீழே அதே அளவில் வரைந்திருக்கிறேன். வட்டமாக வரவில்லையே என்று என் கையைக் குறை சொல்லாதே, அதன் ஓரமே அப்படிக் கோணல்மாணலாகத்தான் இருக்கிறது.

உனக்குப் பேனா பிடிக்கிற விரலில் ஒன்று வந்து, டாக்டரிடம் நடையாய் நடந்து, கடைசியில் ஏதோ டப்பா வாங்கி வீட்டிலேயே போக்கிக்கொண்டாய் என்று சித்தி சொன்னாள். அதைக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

எங்கள் நீச்சல்குளத்து மேனேஜர் என் காலைப் பார்த்துவிட்டார். "பிள்ளைங்க வெருங்கால்ல நடக்கிற எடம் இது. ஒட்டுற வியாதியா இருந்தா பெத்தவங்க என்னைக் கிழிச்சுத் தொங்க விட்டுடுவாங்க. போக்கிட்டு வா, இல்லன்னா டாக்டர்கிட்ட சீட்டு வாங்கிட்டு வா" என்றார். கோடை வகுப்பு ஆரம்பிக்கப் போகிறது. டாக்டர் "தண்ணியில இறங்காதே" என்று எழுதிவிட்டால் என் இடத்தில் வேறு ஆள் விசில் ஊதுவான். அதுவும் போக, ஊசி வாசனை அடித்தாலே எனக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது என்பது உனக்குத் தெரியும்.

வீட்டிலேயே முடிகிற காரியமா? மறைக்காமல் எழுது.

தவளை


மார்ச் 9

தவளை,

சிவப்புப் பேனாவை இழுப்பறையில் போட்டுப் பூட்டிவிட்டுத்தான் உன் கடிதத்தைப் படித்தேன். ஒரு வட்டம்கூடப் போடவில்லை. சின்ன ர, பெரிய ற விஷயத்தில் நீ இன்னும் இரண்டாம் வகுப்பிலேயே உட்கார்ந்திருக்கிறாய். எது எங்கே என்று சொல்ல மாட்டேன். அந்த அளவுக்குத் திருந்திவிட்டேன் என்று உன் வீட்டம்மாவிடம் சொல்.

கேட்டதற்குப் பதில். எனக்கு வந்தது ஆள்காட்டி விரலில், பூக்கோசு மாதிரி முரடாக. அச்சகத்தில் பிழை திருத்தக் காகிதத்தைப் புரட்டிப் புரட்டி உரசி வந்தது என்று நினைத்தேன். தோல் டாக்டர் அது கிருமியால் வருவது என்றார். அவர் முதலில் ஒரு கண்ணாடியை வைத்துப் பார்த்தார். பிளேடால் மேல்தோலைச் சீவிப் பார்த்தார். உள்ளே சின்னச் சின்னக் கறுப்புப் புள்ளிகள் இருந்தன, அது உறைந்த ரத்தமாம். பிறகு ஒரு குடுவையிலிருந்து திரவ நைட்ரஜனைப் புகையப் புகையப் பீய்ச்சினார். விரல் வெள்ளையாகிவிட்டது. வலியா என்று கேட்காதே. அன்றைக்கு டாக்டரின் பெயர்ப் பலகையில் இருந்த பிழையைக்கூட நான் கவனிக்கவில்லை, அவ்வளவு வலி. அதற்குப் பிறகும் பல தடவை போக வேண்டியிருந்தது. ஒவ்வொரு தடவையும் அரை நாள் விடுப்பு, கூடத்தில் காத்திருப்பு.

அலுத்துப்போய் மருந்துக்கடையில் வீட்டு டப்பா ஒன்று வாங்கினேன். அதில் நைட்ரஜன் இல்லை, வேறு ஏதோ வாயு. டாக்டர் வைத்திருப்பதன் குளிர் இதற்கு வராது. ஆழமாகப் போகாது, மெதுவாகத்தான் வேலை செய்யும். ஆனால் மிச்சம் இருந்ததை அது முடித்துவிட்டது. என்னைக் கேட்டால், பொறுமை இருக்கிறவனுக்கு வீடு போதும். பெருமைக்குக் கிளினிக்.

உன்னுடையது கறுப்பாக இருப்பதைப் பற்றிப் பயப்படாதே. நான் சொன்ன அந்த ரத்தப் புள்ளிகள்தான் சேர்ந்து அப்படித் தெரியும்.

புது டப்பா ஒன்று இத்துடன் வருகிறது. உள்ளே இருந்த குறிப்புத் தாளை எடுத்துவிட்டேன். எந்த மொழியிலிருந்து பெயர்த்தார்களோ, படித்தால் வயிற்றைக் கலக்குகிறது. உனக்குத் தேவையானதை மட்டும் நானே திருத்தமாக எழுதி வைத்திருக்கிறேன். வெந்நீரில் காலை ஊறவை, முரடான மேல்தோலைத் தேய்த்து எடு, நுனியில் இருக்கிற பஞ்சை அழுத்திப் பிடி. இரண்டு வாரம் கழித்து மறுபடியும் ஒரு முறை.

குளத்துக்குச் செருப்புப் போட்டுக்கொண்டு போ. அது மற்றவர்களுக்கு ஒட்டும்.

அக்கா


மார்ச் 20

அக்கா,

டப்பா வந்தது. உன் தாளும் வந்தது. அச்சடித்த மாதிரி இருக்கிறது உன் எழுத்து, அதைப் பார்த்ததுமே பாதி பயம் போய்விட்டது.

பாதிதான் போனது. குளியலறை முக்காலியில் உட்கார்ந்து காலை மடியில் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். என் பெண்டாட்டி வாசலில் நின்றாள். அவள் முடிவெட்டும் கடையில் நாள் முழுக்க யாராவது ஒருவருடைய பிடரியைப் பார்த்துக்கொண்டே இருப்பவள். "எத்தனை பேரு கழுத்துல மரு பாத்திருக்கேன். இது அந்த மாதிரி இல்லையேங்க. முண்டும் இல்ல முடிச்சும் இல்ல" என்றாள்.

"அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்."

"அண்ணி இதைப் பாத்தாங்களா?"

நான் டப்பாவைத் திறந்தேன். உன்னை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. அவளிடம் இதுவரை உன்னைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொன்னதில்லை, முதல்தடவை சொல்கிறேன், அதிலும் பின்வாங்குவதா?

பஞ்சை வைத்து அழுத்தினேன். முதலில் ஒன்றுமே இல்லை. அப்புறம் காலுக்குள் யாரோ ஆணியை விட்டுத் திருகுகிற மாதிரி இருந்தது. மறுநாள் கொப்புளம் கிளம்பியது, உள்ளே ரத்தம். இப்போது அது அமுங்கிக் காய்ந்திருக்கிறது. கறுப்பு பெருமளவு தெரியவில்லை. ஒரு ஓரம் மட்டும் பஞ்சுக்கு வெளியே தப்பித்துக்கொண்டு பிறை மாதிரி நிற்கிறது. அதை அடுத்த தடவை பிடித்துவிடலாம் என்று இருக்கிறேன்.

மேனேஜரிடம் "வைத்தியம் நடக்குது" என்று சொல்லியிருக்கிறேன். கரையில் நின்றுகொண்டே கற்றுத்தருகிறேன். "மாஸ்டர், நீங்க ஏன் எறங்க மாட்டேங்கிறீங்க, உங்களுக்கு நீச்சல் தெரியாதா?" என்று ஒரு சின்னப் பெண் கேட்டுவிட்டாள்.

ஒரு சந்தேகம். முரடான தோலைத் தேய்த்து எடு என்று எழுதியிருந்தாய். தேய்க்க அங்கே ஒன்றுமே இல்லை அக்கா. தரையோடு தரையாக வழவழவென்று இருந்தது. உன்னுடையதும் ஆரம்பத்தில் அப்படித்தான் இருந்ததா?

தவளை


மார்ச் 25

தம்பி,

இரண்டாம் முறை செய்யாதே. டப்பாவைத் தொடாதே. இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே எழுந்து ஒரு தோல் டாக்டரிடம் போ.

உன் முதல் கடிதம் குளத்து அலுவலகத் தாளில் இருந்தது, மேலே தொலைபேசி எண் அச்சடித்திருந்தது. காலையிலிருந்து அந்த எண்ணுக்கு அடித்தேன். கடைசியில் உன் மேனேஜர் எடுத்தார். பின்னால் பிள்ளைகளின் கூச்சல், தண்ணீர்ச் சத்தம். "மறுங்க, மரு இல்லை, மறு" என்று கத்தினேன். "என்னம்மா ரெண்டு தடவையும் ஒண்ணையே சொல்றீங்க?" என்றார். வாயால் சொன்னால் இரண்டும் ஒன்றுதானே. என் வாழ்க்கையே அந்த இரண்டு எழுத்துக்கு நடுவில்தான் ஓடுகிறது, இன்றைக்கு என்னால் அதைச் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. கடைசியில் "பெரிய ற, டாக்டர்கிட்டப் போகச் சொல்லுங்க" என்று சொல்லி வைத்தேன். சொன்னாரோ இல்லையோ.

நடந்தது இதுதான். வழவழவென்று இருந்தது என்று நீ எழுதியதைப் படித்ததும் எழுந்துவிட்டேன். உன் முதல் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். நீ மறு என்று எழுதியிருக்கிறாய். பெரிய ற. மச்சம் மாதிரிக் கரும்புள்ளி. நான் அதை மரு என்று படித்தேன். முரடாக முளைப்பது. வெறுங்காலுக்குச் சின்ன ர போட்டிருந்தாய், அரிப்புக்குப் பெரிய ற போட்டிருந்தாய், இதில் மட்டும் நீ சரியாக எழுதியிருப்பாய் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மனதுக்குள்ளேயே திருத்திவிட்டேன். பேனாவைத்தான் பூட்டி வைத்தேன், புத்தியைப் பூட்டவில்லை. பழைய மாதிரி வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பியிருந்தால், "இல்லை, நான் சரியாத்தான் எழுதினேன்" என்று நீ சண்டைக்கு வந்திருப்பாய். உன் சண்டைக்குப் பயந்து சும்மா இருந்தேன், அதனால் வந்த வினை இது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். டப்பாவிலிருந்து எடுத்த தாள் என் மேஜையில்தான் கிடந்தது. அதில் ஒரு வரி: "மச்சங்களின் மேல் உபயோகம் தடுக்கப்படுக." அதைத் "தடுக்கப்படுகிறது" என்று திருத்தி வைத்திருக்கிறேன். படித்திருக்கிறேன், திருத்தியிருக்கிறேன், உனக்கு எழுதவில்லை. உனக்கு வந்தது மருதானே, இது எதற்கு என்று விட்டுவிட்டேன்.

கறுப்பு, வளர்கிறது, ஓரம் கோணல், உள்ளங்கால். இதையெல்லாம் நீ எழுதியிருந்தாய். எங்கள் அச்சகத்தில் போன வருஷம் ஒரு மருத்துவப் புத்தகம் வந்தது, அதில் இந்த வார்த்தைகளை ஒரே பக்கத்தில் பார்த்த ஞாபகம். அது எந்த நோயின் பக்கம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

போ. உடனே போ.

அக்கா


மார்ச் 28

அக்கா,

உன் கடிதம் இன்றைக்குத்தான் வந்தது. ஆனால் சேதி அன்றைக்கே வந்துவிட்டது.

மிதக்கக் கற்றுக்கொள்ளும் கூட்டத்தைக் கரையோரம் கால் உதைக்க விட்டிருந்தேன். மேனேஜர் வந்து, "உங்க அக்கா போன் பண்ணாங்க. ஏதோ பெரிய 'ர'ன்னு சொன்னாங்க. டாக்டருங்கிறாங்க. எனக்கு ஒண்ணும் புரியல. ஏன்யா, பெரிய ரணமா?" என்றார். அவருக்குப் புரியாதுதான். எனக்கு நின்ற இடத்திலேயே புரிந்துவிட்டது. ஏன் என்றால் அந்த எழுத்தை நான் சும்மா போடவில்லை.

உடம்பில் எது வந்தாலும் அம்மா மரு என்பாள். உனக்கு எழுத உட்கார்ந்தபோது அது எந்த ர என்று சந்தேகம் வந்தது. இத்தனை நாள் கழித்து எழுதுகிறோம், முதல் விஷயத்திலேயே வட்டம் வாங்கக் கூடாது என்று, நீ கல்யாணத்துக்குக் குத்தலாக அனுப்பிய அகராதியை முதல்முதலாகப் பிரித்தேன். இரண்டும் இருந்தது. என்னுடையது முளைக்கவில்லை, வெறும் கரும்புள்ளி. அதனால் பெரிய ற. மச்சம் என்றே எழுதியிருக்கலாம், "உனக்கு எங்கேடா மச்சம், அதெல்லாம் அதிர்ஷ்டக்காரனுக்கு" என்பாய் என்று விட்டேன். அந்த ஒரு எழுத்துக்காக எவ்வளவு நேரம் உட்கார்ந்தேன் தெரியுமா? மற்றதையெல்லாம் வழக்கம் போலக் கைக்கு வந்தபடி எழுதினேன். நீயோ சரியாக எழுதியதைத்தான் தேடிப் பிடித்துத் திருத்தியிருக்கிறாய்.

கோபம் வருகிறது அக்கா. மறைக்க மாட்டேன். நான் ஒன்றைச் சரியாகச் செய்திருப்பேன் என்று உனக்கு ஒரு நிமிஷம்கூடத் தோன்றாதா?

அன்றைக்கு மாலையே என் பெண்டாட்டி கடையை மூடிவிட்டு என்னைக் கிளினிக்குக்கு இழுத்துப்போனாள். டாக்டர் வயசில் சின்னவர். காலைத் தூக்கி விளக்கில் பிடித்தவர், "இங்க என்ன இருந்துச்சு? இதை யாரு உறைய வச்சது?" என்றார். நான் டப்பாவைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "நாங்களும் இதையேதான் செய்றோம், இதைவிடக் குளிரா செய்றோம். ஆனா முதல்ல என்னன்னு பாத்துட்டுத்தான் செய்வோம். தெரியாததை உறைய வச்சா, என்ன இருந்ததுங்கிற அடையாளமே போயிடும்" என்றார்.

பிறை மாதிரி மிஞ்சிய ஓரத்தைச் சேர்த்து, ஊசி போட்டு மரத்துப்போக வைத்து, வெட்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார். ஊசியைப் பார்த்து மயக்கம் வரவில்லை. வேறு பயம் பெரிதாக இருந்தால் அந்தப் பயம் ஒதுங்கிக்கொள்ளும் போல. உறைவதற்கு முன்னால் அது எப்படி இருந்தது, எவ்வளவு இருந்தது என்று திரும்பத் திரும்பக் கேட்டார். போட்டோ எடுத்து வைக்கவில்லை. என் முதல் கடிதத்தில் அளவோடு வரைந்திருக்கிறேன் என்றேன். அதை வாங்கித்தரச் சொன்னார்.

அனுப்பு. கிழிக்கவில்லை அல்லவா?

அவள் இரவெல்லாம் என் காலைப் பார்த்துக்கொண்டே படுத்திருக்கிறாள். நான் தூங்குவதாகப் பாவனை செய்கிறேன்.

தவளை


ஏப்ரல் 2

தம்பி,

கடிதம் இத்துடன் இருக்கிறது. கிழிக்கவில்லை. நீ எழுதிய எதையும் நான் கிழித்ததில்லை, அந்தக் கல்யாணக் கடிதத்துக்குக்கூட நகல் எடுத்து வைத்துக்கொண்டுதான் திருப்பினேன். இதில் ஒரு சிவப்புப் புள்ளிகூட இல்லை, டாக்டர் அப்படியே பார்க்கலாம்.

எனக்கு வேலை ஓடவில்லை. நேற்று ஒரு பாடப்புத்தகத்தில் தலைப்பிலேயே பிழையை விட்டிருக்கிறேன், பக்கத்து மேஜைக்காரர் கண்டுபிடித்தார். "என்னங்க, உங்களுக்கா?" என்றார். எனக்குத்தான். எதைப் பார்த்தாலும் நான் பார்ப்பது அதையா, நான் நினைப்பதையா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

கிளினிக்கைப் பெருமைக்கு என்று எழுதினேனே, அந்த வரியை நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. என் விரலை அவர் முதலில் கண்ணாடி வைத்துப் பார்த்தாரே, அதற்குத்தான் அங்கே போகிறோம். அதை வலி மறைத்துவிட்டது, காத்திருந்த எரிச்சல் மறைத்துவிட்டது. குளிர் கடையில் கிடைக்கிறது. பார்க்கிற கண்ணை டப்பாவில் அடைத்து விற்பதில்லை.

உன் பெண்டாட்டி சரியாகக் கேட்டாள். "அண்ணி இதைப் பாத்தாங்களா?" நான் பார்க்கவில்லை. இதை அவளிடம் நான் சொன்னதாகச் சொல்.

முடிவு வந்ததும் ஒரு வரி எழுது. எதுவாக இருந்தாலும் எழுது. தபால்காரர் தெருமுனையில் திரும்பினாலே வாசலுக்கு ஓடிவிடுகிறேன்.

உன்னைச் சரியாகப் படிக்காத பாவி நான். என்னைப் பொருத்துக்கொள்.

அக்கா


ஏப்ரல் 14

அக்கா,

முடிவை முதலில் எழுதிவிடுகிறேன், நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்பாய். நீ எழுதக் கை வரவில்லை என்ற நோய்தான், தோல் புற்றுநோய். ஆனால் ஆரம்ப நிலை. மேல்தோலை விட்டு உள்ளே இறங்கவில்லை.

டாக்டர் உன்னிடமிருந்து வந்த கடிதத்தை மேஜையில் விரித்து, என் படத்தை அளந்து பார்த்தார். அந்த அளவுக்கு மேலே இன்னும் கொஞ்சம் அகலமாக வெட்டி, சுற்றிலும் சுத்தமாக எடுத்துவிட்டார்கள். எடுத்ததன் ஓரங்களையும் பரிசோதித்து, மிச்சம் எதுவும் இல்லை என்று நேற்றுச் சொன்னார்கள். இனி சில மாதத்துக்கு ஒருமுறை போய் உடம்பு முழுக்கக் காட்ட வேண்டும். வருஷக்கணக்கில் காட்ட வேண்டும். பயம் போய்விட்டதா என்றால் போகவில்லை. உடம்பில் இருக்கிற ஒவ்வொரு புள்ளியையும் அவள் விளக்கு வைத்துத் தேடுகிறாள், குளித்துவிட்டு வெளியே வரவே பயமாக இருக்கிறது.

டாக்டர், "இன்னொரு தடவை அந்த டப்பாவை அடிச்சு மிச்ச ஓரமும் போயிருந்தா, எல்லாம் சரியாப்போச்சுன்னு நீங்களும் இருந்திருப்பீங்க, அது உள்ள இறங்கிட்டிருக்கும். நல்ல நேரத்துல வந்தீங்க. உங்களுக்கு மச்சம்தான்" என்றார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. அறையில் யாருக்கும் சிரிக்கத் தைரியம் வரவில்லை. முதலில் சிரித்தது உன் தம்பிதான்.

மேனேஜர் இந்தக் கோடைக்கு வேறு ஆளைப் போட்டுவிட்டார். "கால் ஆறட்டும், உன் விசில் என் மேஜையிலதான் இருக்கு" என்றார். இருக்கும் என்று நம்புகிறேன். அந்தச் சின்னப் பெண்ணுக்கு மிதக்கக் கற்றுத்தருவதாகச் சொல்லியிருந்தேன், அது மட்டும் உறுத்துகிறது.

என் பெண்டாட்டியிடம் நீ சொல்லச் சொன்னதைச் சொன்னேன். "அந்தப் போனு வரலன்னா நீங்க என் பேச்சைக் கேட்டு வந்திருக்க மாட்டீங்க" என்றாள். அது உண்மை.

இப்போது உன் கடிதத்துக்கு வருகிறேன். கடைசி வரியில் "என்னைப் பொருத்துக்கொள்" என்று எழுதியிருக்கிறாய். சின்ன ர. இரண்டு தடவை கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். அவளிடம் காட்டினேன். "அண்ணிக்கே தப்பு வருமா!" என்று அவள் சிரித்த சிரிப்பை நீ கேட்டிருக்க வேண்டும், இந்த வீட்டில் மாசக்கணக்கில் கேட்காத சிரிப்பு. நொண்டிக்கொண்டே தெருமுனைக் கடைக்குப் போய் ஒரு சிவப்புப் பேனா வாங்கி வந்தேன். வாழ்க்கையில் ஒரு தடவையாவது உனக்கு வட்டம் போட வேண்டாமா?

மூடியைக் கழற்றிவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று அகராதியைப் பார்த்தேன். இப்போதெல்லாம் பார்க்காமல் எதையும் செய்வதில்லை. பொறு என்றால் தாங்கு, மன்னி. பொருத்து என்றால் இணை, சேர்த்து வை. மன்னித்துவிடு என்று நீ கேட்டிருந்தால் நான் யோசிக்க வேண்டியிருக்கும், கோபம் இன்னும் பாதி இருக்கிறது. சேர்த்துக்கொள் என்று கேட்டிருந்தால் அதில் யோசிக்க ஒன்றும் இல்லை. அதனால் நான் திருத்தவில்லை. நீ எழுதியபடியே படித்துக்கொண்டேன்.

வாங்கிய பேனா வீணாகக் கூடாது என்று என் புது நம்பரை அதில் எழுதியிருக்கிறேன், தாளைத் திருப்பிப் பார். கூப்பிடு. கத்துவதானால் கத்து.

தவளை